பாட்டு போதும், ஸ்கோர் சொல்லுங்க

காலேஜ் பஸ்ஸில் காலையில் டிரைவர் அண்ணா போடும் எஃப்.எம்.மை ஒரு வாரம் கொஞ்சம் கவனிச்சுக் கேளுங்க. பாட்டு, நகைக்கடை விளம்பரம், ஆர்.ஜே. யாருக்கோ போன் போட்டுக் கலாய்ப்பது, திரும்பப் பாட்டு. முந்தின நாள் ராத்திரி சேப்பாக்கத்தில் கடைசி ஓவர் வரை இழுத்த மேட்ச் நடந்திருந்தாலும் அதைப் பத்தி வருவது ஒரே வரிதான்: "நேத்து மேட்ச் பாத்தீங்களா, வேற லெவல்!" அடுத்த பாட்டு ஆரம்பிச்சிடும். அதே பஸ்ஸின் கடைசி சீட்டில் ஆறேழு பேர் அந்த மேட்ச்சை ஒவ்வொரு பாலாகப் பிரிச்சு மேய்ஞ்சிட்டு வருவாங்க. 18-வது ஓவரை யாருக்குக் கொடுத்திருக்கணும், அந்த ரிவ்யூவை ஏன் எடுத்தான், டாஸ் ஜெயிச்சும் ஏன் பேட்டிங்... ஸ்பீக்கரில் ஓடுவதைவிட நல்ல ரேடியோ நிகழ்ச்சி கடைசி சீட்டில்தான் ஓடுது. அதை ஒலிபரப்பத்தான் ஆள் இல்லை.

இந்தக் கடைசி சீட்டுச் சண்டையை 24 மணி நேரமும் ஒலிபரப்பி, அதிலேயே ஒரு பெரிய தொழிலைக் கட்டியிருக்கிறது அமெரிக்கா. அந்தக் கதையை முதலில் சொல்லிடறேன். நம்ம ஊர் எஃப்.எம்.மில் என்ன குறையுது என்பது அதை வெச்சுப் பார்த்தால்தான் புரியும்.

1987 ஜூலை 1-ஆம் தேதி நியூயார்க்கில் டபிள்யூ.எஃப்.ஏ.என். என்ற நிலையம் ஆரம்பித்தது. அதுவரை அதே அலைவரிசையில் கிராமியப் பாட்டு போட்டுக்கொண்டிருந்தவர்கள், அன்றிலிருந்து நாள் முழுக்க விளையாட்டுப் பேச்சு மட்டும்தான் என்று மாறினார்கள். முழு நேர விளையாட்டு வானொலி என்பது அப்போது உலகத்துக்கே புதுசு. மேட்ச் இல்லாத நேரத்தில் என்ன பேசுவது என்ற கேள்விக்கு அவர்கள் கண்டுபிடித்த பதில் ரொம்ப எளிமையானது: போன் லைனைத் திறந்துவிடு. டாக்ஸி ஓட்டுபவர், கடை வைத்திருப்பவர், வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர் என்று யார் வேண்டுமானாலும் கூப்பிட்டு, தன் டீமின் கோச்சைத் திட்டலாம். 1989 முதல் 2008 வரை அங்கே மதிய நேரத்தில் மைக் ஃபிரான்செசாவும் கிறிஸ் ருஸ்ஸோவும் நடத்திய நிகழ்ச்சியைப் பார்த்துத்தான் மற்ற ஊர்களில் இதே பாணி பரவியது. ரெண்டு பேர், ரெண்டு மைக், நிறைய கோபம். செலவு கம்மி.

ஆனால் இது எல்லாம் ஏ.எம்.மில் நடந்த கதை. எஃப்.எம். அப்போது பாட்டுக்கு மட்டுமே என்று ஒதுக்கி வைத்த இடம். ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நாலாவது செமஸ்டர் கம்யூனிகேஷன் பேப்பர் எழுதியவர்கள்தானே. அங்கே ஏ.எம். அலைவரிசைகளுக்கு நடுவில் இருப்பது வெறும் 10 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி. எஃப்.எம்.மில் 200 கிலோஹெர்ட்ஸ். ஏ.எம்.மில் தகவல் வீச்சில் இருக்கிறது. மின்னல், மிக்ஸி, டியூப் லைட் சோக் என்று எது கிளப்பும் இரைச்சலும் அதே வீச்சில்தான் போய் ஏறும். எஃப்.எம். ரிசீவரில் லிமிட்டர் அந்த இரைச்சலை வெட்டித் தள்ளிடும். அதனால் வயலின் எஃப்.எம்.முக்கு, வாய்ப்பேச்சு ஏ.எம்.முக்கு என்று ஒரு பாகப்பிரிவினை ரொம்ப வருஷம் நடந்துக்கிட்டிருந்தது.

அந்தப் பாகப்பிரிவினை உடைந்ததுதான் சுவாரஸ்யம். 2006 ஜனவரியில் வாஷிங்டனில் டபிள்யூ.டி.ஓ.பி. என்ற செய்தி வானொலி, அதுவரை மேற்கத்திய சாஸ்திரிய சங்கீதம் ஒலித்த 103.5 எஃப்.எம்.முக்குக் குடி வந்தது. பின்னால் பல வருஷம் விளம்பர வருமானத்தில் நாட்டிலேயே முதலிடம் அதற்குத்தான். 2009-இல் பாஸ்டனில் 98.5 எஃப்.எம்.மில் விளையாட்டுப் பேச்சு நிலையம் ஒன்று ஆரம்பித்தது; அதற்கு இடம் ஒதுக்குவதற்காக நடந்த மாற்றங்களில் 1968 முதல் ராக் இசை போட்டு ஊரையே வளர்த்த டபிள்யூ.பி.சி.என். மூடப்பட்டது. பிட்ஸ்பர்க், பிலடெல்பியா என்று வரிசையாக நடந்தது. 2012-இல் அந்த முதல் நிலையமான டபிள்யூ.எஃப்.ஏ.என்.னே 101.9 எஃப்.எம்.முக்கும் வந்துவிட்டது.

காரணம் என்ன? பாட்டு கேட்பவர்கள் கிளம்பிப் போய்விட்டார்கள். முதலில் ஐபாட், அப்புறம் ஸ்பாட்டிஃபை. தனக்குப் பிடித்த பாட்டைத் தானே போட்டுக்கொள்ள முடியும் என்றான பிறகு, அடுத்தவர் போடும் பாட்டுக்காக ஏன் விளம்பரத்தைச் சகிக்கணும்? ஆனால் இன்றைக்கு சாயங்காலம் நடக்கும் மேட்ச்சை எந்த பிளேலிஸ்ட்டிலும் முன்கூட்டியே சேர்க்க முடியாது. இந்த நிமிஷம் நடப்பதைச் சொல்லும் வேலை ஒன்றுதான் ரேடியோவிடம் மிச்சம் இருந்தது.

இன்னொரு காரணம் நம்ம துறை சம்பந்தப்பட்டது. முன்பெல்லாம் யார் எதைக் கேட்டார்கள் என்பதை டைரியில் எழுதித் தரச் சொல்வார்கள். ஞாபகத்தில் எது நிற்குதோ அதைத்தான் எழுதுவோம் இல்லையா? 2007 முதல் ஊர் ஊராக அதற்குப் பதில் இடுப்பில் மாட்டும் ஒரு சின்னக் கருவி வந்தது. ஒலிபரப்போடு சேர்த்து, காதுக்குக் கேட்காத ஒரு குறியீட்டை நிலையம் அனுப்பும். கருவி அதைப் பிடித்து, எந்த நிலையம், எத்தனை நிமிஷம் என்று பதிவு செய்யும். கார் ஓட்டிக்கொண்டே பாதி கவனத்தில் கேட்டதும் கணக்கில் வந்தது. அளக்கும் கருவி மாறினால் வியாபாரமே மாறும் என்பதற்கு, லேபில் எரர் அனாலிசிஸ் எழுதி அலுத்துப்போன நமக்கு இது நல்ல உதாரணம்.

சரி, இப்போ நம்ம ஊருக்கு வருவோம். இங்கேயும் பாட்டு போனுக்குப் போய்விட்டது. பஸ்ஸில் பத்தில் எட்டு பேர் காதில் இயர்பட்ஸ். அப்போ எஃப்.எம்.மும் பேச்சுக்கு, மேட்ச்சுக்கு, செய்திக்கு மாறியிருக்கணுமே? மாறலை. பாதிக் காரணம் சட்டம். மீதிப் பாதி சோம்பல் என்பது என் கட்சி.

சட்டத்தின் கதை வேடிக்கையானது. 1993-இல் ஹீரோ கோப்பை கிரிக்கெட் நடந்தபோது, அதை ஒளிபரப்பும் உரிமையை யாருக்குக் கொடுப்பது என்று வங்காள கிரிக்கெட் சங்கத்துக்கும் மத்திய அரசுக்கும் தகராறு. அது உச்ச நீதிமன்றம் வரை போனது. 1995 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு, அலைக்கற்றை என்பது பொதுச் சொத்து, அரசின் ஏகபோகம் இல்லை என்று சொன்னது. அந்தத் தீர்ப்பு திறந்துவிட்ட கதவு வழியாகத்தான் 2001-இல் பெங்களூரில் முதல் தனியார் எஃப்.எம். வந்தது, 2003-இல் சென்னைக்கு வந்தது. யோசிச்சுப் பாருங்க, ஒரு கிரிக்கெட் மேட்ச் வழக்கால் பிறந்த சுதந்திரம். ஆனால் இன்றைக்கும் தனியார் எஃப்.எம். ஒன்று இந்தியா ஆடும் மேட்ச்சை நேரடியாக வர்ணிக்க முடியாது.

2011-இல் வந்த மூன்றாம் கட்ட எஃப்.எம். கொள்கையில், தனியார் நிலையங்கள் சொந்தமாகச் செய்தி சொல்லக் கூடாது, அகில இந்திய வானொலியின் செய்தியை ஒரு வார்த்தை மாற்றாமல் அப்படியே ஒலிபரப்பிக்கொள்ளலாம் என்று இருக்கிறது. கூடவே, எதெல்லாம் "செய்தி" ஆகாது என்று ஒரு பட்டியல் உண்டு. போக்குவரத்து நெரிசல், வானிலை, தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு, கரண்ட் கட், குடிநீர், இயற்கைச் சீற்ற எச்சரிக்கை. அந்தப் பட்டியலில் விளையாட்டுத் தகவலும் இருக்கு, நேரடி ஒலிபரப்பு நீங்கலாக. அதற்கு அடுத்த வரிதான் முக்கியம்: உள்ளூர் அளவிலான விளையாட்டுப் போட்டிகளின் நேரடி வர்ணனை அனுமதிக்கப்படலாம்.

இந்த வரியை நான் திரும்பத் திரும்பப் படிச்சேன். உள்ளூர் மேட்ச்சை நேரடியாக வர்ணிக்கலாம். சட்டமே கதவைத் திறந்து வெச்சிருக்கு. உங்கள் ஊர் எஃப்.எம்.மில் எத்தனை தடவை ஒரு உள்ளூர் மேட்ச்சைக் கேட்டிருக்கீங்க?

ஆடுவதற்கு ஆளில்லாத ஊரா இது? கோவில்பட்டியில் லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டி நடக்கும்போது, வெயிலில் உட்கார்ந்து பார்க்கும் கூட்டத்தைப் பார்த்திருக்கணும். வியாசர்பாடியில் ஃபுட்பால், குமரி மாவட்டக் கடலோர ஊர்களில் ஃபுட்பால், தெற்கே எந்தக் கோயில் கொடை என்றாலும் ராத்திரி விடிய விடியக் கபடி. கபடி நடக்கும் திடலில் மைக் பிடிக்கும் அண்ணனைக் கவனிச்சிருக்கீங்களா? கையில் ஸ்கோர் ஷீட்டைத் தவிர ஒன்றும் கிடையாது. ரெய்டு போகிறவன் எந்த ஊர், அவன் அப்பா எந்தக் காலத்தில் ஆடினார், போன வருஷம் இதே திடலில் என்ன நடந்தது, எல்லாம் மூச்சு விடாமல் வரும். நடுவில் குழந்தை காணாமல் போன அறிவிப்பும் வரும், மோர்ப்பந்தல் வைத்தவருக்கு நன்றியும் வரும். பாலமேடு, அலங்காநல்லூர் வாடிவாசலில் மைக்கில் பேசுபவர்களும் இப்படித்தான். மாட்டுக்குப் பரிசு அண்டாவா சைக்கிளா என்பதில் தொடங்கி, மாட்டுக்காரருக்கு ஒரு நக்கல் வரை நிற்காமல் பேசிக்கொண்டே இருப்பார்கள். இவர்களுக்கு யாரும் வாய்ஸ் மாடுலேஷன் வகுப்பு எடுக்கலை. அந்தக் குரல் மைக்செட் எட்டும் தூரத்தோடு நின்னு போகுது.

தமிழில் இதற்கு முன்னோடி இல்லாமலும் இல்லை. சேப்பாக்கத்தில் டெஸ்ட் நடந்தால் சென்னை வானொலியில் அப்துல் ஜப்பாரும் ராமமூர்த்தியும் வர்ணித்ததை உங்கள் வீட்டில் ஐம்பதைத் தாண்டிய யாரிடமாவது கேளுங்க. சித்தப்பா, மாமா யாராவது குரலை மாத்தி நடிச்சே காட்டுவாங்க. பந்து எங்கே போகுது என்பதைக் காதால் பார்க்க வைத்த தமிழ் அது. இன்றைக்கு டிவியில் தமிழ் வர்ணனை இருக்கு, 2017-இல் தமிழுக்கென்று தனி விளையாட்டுச் சேனலே வந்துவிட்டது. ஆனால் டிவி வர்ணனையாளர் பந்தை விவரிக்க வேண்டியதில்லை, அது திரையில் தெரியுது. அதனால் அவர் ஜோக் அடிக்கலாம், சினிமா வசனம் பேசலாம். ரேடியோக்காரருக்கு அந்த வசதி கிடையாது. பந்து மிட் ஆனைத் தாண்டியதா என்பதை அவர் சொல்லாவிட்டால் கேட்பவருக்கு மேட்ச்சே இல்லை.

"ஆனா பாட்டு போட்டாத்தானே விளம்பரம் வரும்?" என்று கேட்பீங்க. எல்லா எஃப்.எம்.மும் ஒரே பாட்டைப் போடும்போது விளம்பரதாரர் எதை வைத்து இவரைத் தேர்ந்தெடுப்பார்? பாட்டுக்கு ராயல்டி வேறு கட்டணும். மாவட்ட லீக் மேட்ச்சுக்கு ஒளிபரப்பு உரிமை ஏலம் எடுக்க யாரும் வரிசையில் நிற்கலை. ஒரு போன், ஒரு நல்ல மைக், காற்று இரைச்சலைத் தடுக்க ஒரு ஸ்பான்ஜ், மேட்ச் தெரிந்த ரெண்டு பேர் போதும். அந்த ஊர் ஸ்வீட் ஸ்டாலும் டூ-வீலர் ஷோரூமும் தங்கள் ஊர்ப் பசங்க ஆடும் மேட்ச்சுக்கு விளம்பரம் தர மாட்டாங்களா? கோயில் கொடைக் கபடிக்கு நோட்டீஸ் முழுக்க ஸ்பான்சர் பேர்தானே இருக்கு.

அமெரிக்கா மாதிரியே ஆகணும் என்று நான் சொல்லலை. அங்கே இந்தத் தொழிலின் கதை கொஞ்சம் கசப்பானது. 2018-இல் விளையாட்டுச் சூதாட்டத்தை மாநிலங்களே அனுமதிக்கலாம் என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, விளையாட்டு வானொலிகளில் பாதிப் பேச்சு பந்தயப் பேச்சாகிவிட்டது. யார் ஜெயிப்பாங்க என்பது போய், எத்தனை புள்ளி வித்தியாசத்தில் என்பதுதான் கேள்வி. இங்கேயும் ஃபேன்டஸி ஆப்கள் நம்ம ஹாஸ்டல் ரூம் வரை வந்து என்ன செய்தன என்று தெரியும். 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தடை செய்யும் வரை மேட்ச் நடுவில் அந்த விளம்பரம் வராத நாள் இல்லை. விளையாட்டுப் பேச்சு வளர்ந்தால் இந்தப் பணம் வேறு வேஷத்தில் திரும்ப வரத்தான் பார்க்கும்.

அதைவிட என்னைச் சங்கடப்படுத்துவது வேறொரு சம்பவம். நியூயார்க்கில் டபிள்யூ.சி.பி.எஸ். 880 என்று ஒரு செய்தி வானொலி, 1967 முதல் செய்தி நிலையமாக ஓடியது. 2024 ஆகஸ்டில் அதை நிறுத்திவிட்டார்கள். அந்த அலைவரிசையில் இப்போது விளையாட்டுப் பேச்சு. செய்திக்கு நிருபர் வேணும், அவருக்குச் சம்பளம் வேணும், அவர் மழையில் போய் நிற்கணும். கோச்சைத் திட்ட ஒரு நாற்காலி போதும். இதை நான் விளையாட்டு ரசிகனாக இருந்துகொண்டேதான் சொல்றேன்: ரெண்டில் எது மலிவோ அது மற்றதைத் தின்றுவிடும். அதனால் நாம் எஃப்.எம்.மில் மேட்ச் கேட்கும்போது, செய்தியையும் சேர்த்தே கேட்கணும்.

செய்தித் தடையை நியாயப்படுத்த எனக்கு ஒரு காரணமும் கிடைக்கலை. 24 மணி நேரச் செய்திச் சேனல் எத்தனை இருக்கு என்று எண்ணி முடியாது. யூடியூபில் யார் வேண்டுமானாலும் எதையும் சொல்லலாம். உரிமம் வாங்கி, கட்டணம் கட்டி, முகவரியோடு இருக்கும் எஃப்.எம். நிலையம் மட்டும் தன் ஊர்ச் செய்தியைத் தானே சேகரித்துச் சொல்லக் கூடாதாம். காமன் காஸ் அமைப்பு இதை எதிர்த்து 2013-இல் உச்ச நீதிமன்றம் போனது. 2023 செப்டம்பரில் டிராய் அமைப்பே ஒரு மணி நேரத்துக்குப் பத்து நிமிஷம் செய்தி சொல்ல தனியார் எஃப்.எம்.மை அனுமதிக்கலாம் என்று பரிந்துரை செய்தது. பரிந்துரை விதி ஆகாது. விதியை மாற்றவேண்டியது அமைச்சகம்.

2015 டிசம்பர் வெள்ளம் ஞாபகம் இருக்கா? நம்மில் பாதிப் பேர் அப்போ சின்னப் பசங்க, ஆனாலும் மறந்திருக்காது. கரண்ட் இல்லை, டவர் செத்துப் போச்சு, போனில் இன்டர்நெட் இல்லை. அந்த நிலையில் பேட்டரியில் ஓடக்கூடியது ரேடியோதான். ஹாம் ரேடியோக்காரர்கள் களத்தில் இறங்கி வேலை செய்தார்கள். மேலே சொன்ன பட்டியல்படி இயற்கைச் சீற்ற எச்சரிக்கையை எஃப்.எம். சொல்லலாம், சரி. ஆனால் வருஷம் முழுக்க ஊர்ச் செய்தி சேகரித்துப் பழகாத நிலையம், வெள்ளத்தன்று திடீரென்று எந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு என்று எப்படி விசாரிக்கும்? யார் நம்பர் அவர்களிடம் இருக்கும்? மாவட்ட ஹாக்கி மேட்ச்சுக்கு வாராவாரம் ஆளனுப்பும் நிலையத்துக்கு ஊரில் நாலு பேரைத் தெரியும். கவுன்சிலரைத் தெரியும், பி.டி. சாரைத் தெரியும், மைதானத்துக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கும் அக்காவைத் தெரியும். மேட்ச் வர்ணனை ஒரு நிலையத்தை ஊருக்குள் நடக்க வைக்கும்.

கருவிப் பிரச்சினை ஒன்றும் இருக்கு. 720 கிலோஹெர்ட்ஸில் இருக்கும் சென்னை மீடியம் வேவ்வுக்குக் கால் அலைநீள ஆன்டெனா வேணும்னா கணக்குப்படி 104 மீட்டர் கோபுரம். 101.4 மெகாஹெர்ட்ஸ் எஃப்.எம்.முக்கு 74 சென்டிமீட்டர். அதனால்தான் இயர்போன் வயரே ஆன்டெனாவாக வேலை செஞ்சது. இப்போ போன் கம்பெனிகள் அந்த ஓட்டையையே எடுத்துவிட்டன. பல போன்களில் எஃப்.எம். வசதி முடக்கப்பட்டிருக்கு. போன்களில் எஃப்.எம். இயங்கும்படி வைக்கணும் என்று 2023-இல் மத்திய அரசு தயாரிப்பாளர்களுக்கு அறிவுரை அனுப்பியது. அறிவுரைதான். அடுத்த போன் வாங்கும்போது கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்கும் கையோடு, எஃப்.எம். இருக்கா என்றும் கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்க. உங்களை ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

நாட்டிலேயே முதல் எஃப்.எம். ஒலிபரப்பு 1977-இல் நம்ம சென்னையில்தான் ஆரம்பித்தது. நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலியும் 2004-இல் ஒரு பொறியியல் வளாகத்தில்தான், அண்ணா பல்கலைக்கழகத்தில். அதனால் இது யாரோ மும்பையில் முடிவு செய்யவேண்டிய விஷயம் என்று விட்டுடாதீங்க. சமுதாய வானொலி நடத்தும் கல்லூரிகள் நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்களோடு சேர்ந்து தயாரிக்கணும் என்பது விதி. ஸோன் மேட்ச் முடிந்த சாயங்காலம் ரெண்டு டீம் கேப்டன்களையும் உட்கார வைத்து அரை மணி நேரம் பேச வைக்கலாம். பெண்கள் கோ-கோ டீம் இன்டர் ஸோன் வரை போனது நோட்டீஸ் போர்டில் ஒரு ஏ4 தாளோடு முடிஞ்சு போகுது. அந்தப் பொண்ணுங்க காலை அஞ்சரைக்கு பிராக்டீஸுக்கு வர எந்த பஸ்ஸைப் பிடிக்கிறாங்க என்பதே ஒரு நல்ல நிகழ்ச்சி. உங்கள் காலேஜில் நிலையம் இல்லையா? ஊரில் இருக்கும் தனியார் எஃப்.எம்.முக்கு ஸ்போர்ட்ஸ் செக்ரட்டரி ஒரு கடிதம் எழுதட்டும், அந்த உள்ளூர் வர்ணனை விதியைக் குறிப்பிட்டு. தேதி, மைதானம், ரெண்டு டீம் ப்ளேயர் லிஸ்ட் எல்லாம் நாங்களே தர்றோம், வர்ணிக்க ஆளும் எங்ககிட்ட இருக்கு என்று சொல்லுங்க.

ஆள் எங்கே என்று கேட்டால், கடைசி சீட்டைக் காட்டுங்க. 18-வது ஓவர் பஞ்சாயத்து இன்னும் முடிஞ்சிருக்காது.